சிக்கெடுப்பும் கூச்சலும் – ஒரு சொல்லாய்வு

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து தெற்கே வந்தால் கூனிமேடு. கரையேற்றிய படகின் நிழலில் அமர்ந்து மீனவர்கள் வலையைச் சிக்கெடுக்கும் காட்சியை இவ்வூரார் நன்கறிவர். பாசியும் குச்சியும் நீங்க வேண்டும், நூல் அறுபடலாகாது. அதுவே அத்தொழிலின் நுட்பம். மேடைப் பேச்சோடு தொடர்புடைய ஓர் ஆங்கிலச் சொல்லும் இத்தகைய தொழிலொன்றில்தான் பிறந்தது.

சொல்லின் பிறப்பு

பேசுவோரை அவையினர் இடைமறித்துத் தொல்லை கொடுப்பதை ஆங்கிலத்தார் 'ஹெக்ளிங்' என்பர். 'ஹெக்கிள்' என்பது முதலில் ஒரு கருவியின் பெயர். ஆளிச்செடி முதலியவற்றின் நாரை நூற்பதற்கு முன் சிக்கெடுக்க உதவிய, இரும்பு முட்கள் பதித்த சீப்பு அது. அச்சீப்பால் வாரும் தொழிலாளர் 'ஹெக்ளர்' எனப்பட்டனர்.

ஸ்காட்லாந்து நாட்டில் இச்சொல் அரசியலுக்குள் புகுந்தது. தேர்தலில் நிற்பவரைப் பொதுமக்கள் கூட்டத்தில் நிறுத்தி, அவர்தம் கொள்கையின் குறைகள் வெளிப்படுமாறு வினாக்களால் துருவுவதை அங்கு இச்சொல்லால் குறித்தனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டண்டி நகரத்து நார்த் தொழிலாளருள் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, ஏனையோர் வேலை செய்தவாறே இடைமறித்து வாதிடுவர் என்றும் கூறுவர். எனவே, தொடக்கத்தில் இச்சொல் சுட்டியது பேச்சைச் சிக்கெடுப்பதையே ஆகும். வெறுங்கூச்சல் எனும் பொருள் பின்னர் மேலோங்கிற்று.

நம் மரபில்

தமிழில் இதற்கு நேரான தனிச்சொல் வழக்கில் இல்லை. 'குறுக்கீடு', 'இடைமறிப்பு', 'கூச்சல்' என்பனவற்றை இடத்திற்கேற்ப ஆள்கிறோம். 'வாருதல்' என்பது பேச்சு வழக்கில் கேலி செய்தலையும் குறிக்கும். சொல் இல்லை எனினும் அவை ஒழுக்கம் பற்றிய சிந்தனை பழமையானது. விழாவினை முரசறைந்து அறிவிக்கும் மணிமேகலைப் பகுதி, சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறுக என அழைக்கிறது. அதனோடு, பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளற்க என்றும் வேண்டுகிறது. வாதம் வேண்டும், பூசல் வேண்டா என்பதே அதன் கருத்து.

திருக்குர்ஆனின் 41-ஆம் அத்தியாயம் 26-ஆம் வசனம், இறைமறை ஓதப்படுங்கால் செவிமடுக்காது கூச்சலிட்டு வெல்லுமாறு மறுப்பாளர்கள் கூறியதை எடுத்துரைக்கிறது. ஆண்டு வரும் வினைச்சொல் 'லக்வு' எனும் சொல்லோடு ஒரு வேரினது. வீண் பேச்சு என்பது அதன் பொருள். மாறாக, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மஹருக்கு வரம்பு கட்ட முனைந்து மிம்பரில் உரையாற்றுகையில், பெண்மணி ஒருவர் இறைவசனத்தைச் சான்று காட்டி மறுக்க, அவர்கள் தம் கருத்தைக் கைவிட்டார்கள் என்றோர் அறிவிப்பும் வழங்குகிறது. முன்னது கூச்சல், பின்னது சிக்கெடுப்பு.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே இதற்கொரு சான்றுண்டு. 1944-இல் கடலூரில் ரிக்‌ஷாவில் சென்ற பெரியார் மீது செருப்பு வீசப்பட்டது. அந்நகரில் 1972-இல் அவருக்குச் சிலை எழுந்தது. தாம் சொல்வதை அப்படியே நம்பாது சிந்தித்து ஏற்குமாறு கூறி வந்தவர் அவர். வினாவுக்கு இடமிருந்த மேடையில் செருப்புக்கு என்ன தேவை?

மாணவர்க்கு

ஈண்டு நம் குறையையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நம் மாணவப் பருவத்தில், முதன்முறை மேடையேறிய மாணவி ஒருவர் இரண்டாம் வாக்கியத்தில் தடுமாறினார். அரங்கின் பின்வரிசை ஊளையிட்டது. அவ்வொலியில் நம் குரலும் கலந்திருந்தது. அவர் அமர்ந்துவிட்டார். மூன்றாண்டுகளில் மீண்டும் ஒருமுறையேனும் அவர் மேடை ஏறவில்லை. அவர் சொல்ல வந்தது யாதென்பதை நாம் இன்றளவும் அறியோம்.

ஆகவே இரு வேறு செயல்களுக்கு இரு சொற்களை முன்மொழிகிறோம். பேச்சின் குறையை நீக்க எழுவது 'இடைவினா'. பேசுவோரையே நீக்க எழுவது 'இடைக்கூச்சல்'. துண்டுச்சீட்டில் வினா எழுதி மேடைக்கு அனுப்பும் நம் ஊர்க் கூட்ட வழக்கம் முன்னதைச் சார்ந்தது. மாணவர்கள் அஞ்சாது வினவுக. வலையைச் சிக்கெடுப்பவர் நூலை அறுப்பதில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்க.