ஸ்லோவா போட்டாத்தான் ஓடுமாம்!

"ஃபோர் எக்ஸ்ல போடுங்க சார், ஸ்லோவா போட்டாத்தான் ப்ளேயர்ல ஓடும்." இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. டிவிடியே மறைந்துவரும் காலத்திலும் இந்தப் பேச்சு மறைய மாட்டேன் என்கிறது. போன வாரம் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் புது யுஎஸ்பி ரைட்டரும் கையுமாக வந்தார். "இதுல நாலு எக்ஸுக்கும் கீழ இறக்க வழி இருக்கா?" என்று கேட்டார். எதற்கு ஐயா இறக்க வேண்டும்?

வட்டுக்குள் இருப்பது ஒரு சாயப் பூச்சு. ரைட்டரின் லேசர் அதைச் சுட்டுச் சுட்டுப் புள்ளி வைக்கிறது. எந்த வேகத்தில் எவ்வளவு சூடு, அதை எத்தனை துடிப்புகளாகப் பிரித்துக் கொடுப்பது என்ற கணக்கு ரைட்டரின் ஃபர்ம்வேரில் இருக்கிறது. வட்டைப் போட்டதும் அதில் பதிந்துள்ள தயாரிப்பாளர் குறியை ரைட்டர் படிக்கும். அதற்குரிய கணக்கை எடுத்துக்கொண்டு, உள்விளிம்பில் கொஞ்சம் எழுதிப்பார்த்து லேசரைச் சரிசெய்துகொள்ளும். 16எக்ஸ் வட்டின் சாயம் வேகமான ஓட்டத்திலேயே பதியும்படி தயாரானது. நன்றாகக் காய்ந்த கல்லில் வார்க்க வேண்டிய ரவா தோசையைச் சிம்மில் வைத்து வார்த்தால் மொறுமொறுப்பு வருமா?

பேச்சு வேண்டாம் என்று நானே ஒருமுறை சோதித்தேன். ஒரே டப்பாவில் இருந்து எடுத்த நாலு வட்டுகள், ஒரே ரைட்டர். 4, 8, 12, 16 எக்ஸ் என்று எழுதி, நான்கையும் பிழை ஸ்கேனில் ஓட்டினேன். டிவிடி தர அளவுப்படி, அடுத்தடுத்த எட்டுத் தரவுத் தொகுதிகளில் பிஐ பிழைகள், அதாவது படிக்கும்போது தென்படும் பிழைகள், 280-ஐத் தாண்டக் கூடாது. 8எக்ஸ் வட்டின் பிழைக் கோடு தரையோடு தரையாக ஓடியது. 12எக்ஸ் அதற்கு அடுத்து. 16எக்ஸ் வெளிவிளிம்பில் கொஞ்சம் தலைதூக்கியது. ஊர் மெச்சும் 4எக்ஸ் வட்டுதான் தொடக்கம் முதலே மேடும் பள்ளமுமாக இருந்தது. எல்லா ரைட்டரும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. வேகத்தைக் குறைத்தாலே தரம் கூடிவிடும் என்பதுதான் பொய். 16எக்ஸ் வட்டா? எட்டிலோ பன்னிரண்டிலோ போடுங்கள், போதும்.

அப்படியானால் ப்ளேயரில் ஏன் ஓடவில்லை? எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் ஓர் அம்மா, மகள் கல்யாண டிவிடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "வேகமா போட்டுட்டேன்மா, ஸ்லோவா போட்டுத் தர்றேன்" என்று சொல்லி வேறொன்று போட்டுக் கொடுத்தார் இவர். அது ஓடியது. முதல் வட்டை நான் வாங்கிப் பார்த்தேன். ப்ளேயர் படிக்கும்படி வட்டை மூடும் ஃபைனலைஸையே செய்யவில்லை! இரண்டாவது முறை அந்த டிக்கைப் போட்டிருக்கிறார், பேர் மட்டும் நாலு எக்ஸுக்குப் போய்விட்டது.

இந்த நம்பிக்கை 1990-களின் மிச்சம். அன்று கம்ப்யூட்டர் தரவை அனுப்பக் கொஞ்சம் தாமதித்தாலும் ரைட்டரில் தரவைத் தேக்கிவைக்கும் பஃபர் காலியாகி வட்டு பாழாகும், அதனால் மெதுவாகப் போட்டார்கள். எழுதும்போது மவுஸைத் தொடாதே என்ற மிரட்டலும் அந்தக் காலத்ததே. 2000-இல் சான்யோவின் பர்ன்-ப்ரூஃப் வந்தது. நிறுத்திய இடத்திலிருந்தே தொடர ரைட்டர்கள் கற்றுக்கொண்டன. நாம்தான் கற்றுக்கொள்ளவில்லை.

எதிர்க்கட்சியும் உண்டு: பெட்டியில் பெரிய எண் போட்ட ரைட்டரே கெட்டி என்பவர்கள். சிடி ரைட்டரின் 52எக்ஸ் என்பது வட்டின் வெளிவிளிம்பைத் தொடும்போது மட்டும். உள்ளே கிட்டத்தட்ட 22-இல்தான் தொடங்குகிறது. முழு சிடிக்கு 48-க்கும் 52-க்கும் வித்தியாசம் சில வினாடிகள். மேஜைக் கம்ப்யூட்டரின் 24எக்ஸ் டிவிடி ரைட்டர் முழு வட்டை ஐந்து நிமிடத்துக்குள் முடித்தால், 8எக்ஸ் யுஎஸ்பி ரைட்டர் எட்டு நிமிடம் எடுக்கும். மூன்று மடங்கு எங்கே இருக்கிறது? ரைட்டர்களை ஒப்பிடுவதாக இருந்தால் வட்டை விளிம்புவரை நிரப்பி, தட்டு உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை கடிகாரம் பாருங்கள். அப்புறம் ஸ்கேன் ஓட்டுங்கள். பெட்டி அட்டையைப் படித்து ஒப்பிடாதீர்கள்.

சிடி 52எக்ஸ், டிவிடி 16எக்ஸ், அதனால் சிடிதான் வேகமா? இல்லை. சிடியின் ஒரு எக்ஸ் வினாடிக்கு 150 கிலோபைட், டிவிடியினுடையது 1,385. கீறல் அடிப்பக்கத்தில் விழுந்தால்தான் ஆபத்தா? சிடிக்கு அப்படியே தலைகீழ். பேர் எழுதும் பக்கத்தில் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே தகவல் இருக்கிறது. ஸ்கேன் சென்டர் கொடுத்த சிடியை அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி மேஜையில் வைத்துத் தேய்க்காதீர்கள்.

அந்தப் பக்கம் என்றதும் என் வயிற்றெரிச்சல் ஞாபகம் வருகிறது: மாப்பிள்ளை பெண் படம் அச்சிட்ட காகித ஸ்டிக்கர். 16எக்ஸில் வட்டு நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஸ்டிக்கரைக் கொஞ்சம் தள்ளி ஒட்டினால் வட்டு அதிரலாம். நாளடைவில் பசை சுருங்கி வட்டை வளைக்கும். பிடிக்கவில்லை என்று சிடியில் இருந்து உரித்தால், வெள்ளிப் பூச்சும் தகவலோடு சேர்ந்து கையோடு வரும். வேகத்தைக் குறை குறை என்று கேட்பவர்கள் கொண்டுவரும் வட்டில்தான் இது தவறாமல் இருக்கிறது. பேர் எழுத வேண்டுமா? நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் மார்க்கரால் எழுதுங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உறைமேல் சிரித்துக்கொண்டு இருக்கட்டும்.