மேலெழும்பிய விமானமும் கீழிறங்காத வதந்தியும்

தரையிறங்க வந்த விமானம் இறங்காமல் மறுபடி மேலெழும்பினால் அது மயிரிழையில் விபத்திலிருந்து தப்பியது என்றும், விமானிக்கு இறக்கத் தெரியவில்லை என்றும் ஒரு வதந்தி மழைக்காலம்தோறும் சென்னையின் கொட்டிவாக்கம் கடற்கரையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் தேநீர்க் கடைகளிலும் உலவுகிறது. 2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயலின்போது மீனம்பாக்கம் ஓடுபாதையருகே தள்ளாடிய பயணிகள் விமானம் மேலெழும்பிய காட்சி கைப்பேசிகளில் பரவியபின் இது வேதவாக்காகவே ஆகிவிட்டது. படித்தவர்களும் இதைக் கூசாமல் பரப்புவதுதான் எரிச்சலூட்டுகிறது.

கருவிவழி இறங்குமுறை என்பது, மேகமோ மழையோ தரையை மறைக்கும்போது, கருவிகளை நம்பி, வரைபடத்தில் வகுத்த பாதையில் இறங்கிவருவதாகும். அவ்வரைபடம் முடிவெடுக்கும் உயரம் என்றோர் எல்லையைக் குறிக்கும், ஐ.எல்.எஸ். எனப்படும் தரையிறக்கக் கருவியமைப்பின் முதல் வகையில் அது குறைந்தது 200 அடி. அவ்வுயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தென்படாவிட்டால் மேலெழும்பியே ஆகவேண்டும் என்பதும், எத்திசையில் எவ்வளவு உயரம் ஏறவேண்டும் என்பதும் அதே தாளில் உள்ளன. ஆகவே மேலெழும்புவது தோல்வியன்று, திட்டத்தின் ஒரு பாதி. மங்களூரில் 2010 மே 22 அன்று பார்வைத்திறன் நன்றாகவே இருந்தும், மேலெழும்புமாறு துணை விமானி மூன்று முறை சொல்லியும் தலைமை விமானி இறங்கியதால் 158 பேர் மாண்டனர்.

சிறிய விமானத்தில், தரை தெரியாமல் இறங்கும் ஆபத்து பன்மடங்காகிறது. ஏனெனில் விமானத்தைச் செலுத்துவது, வரைபடம் படிப்பது, வானொலியில் பேசுவது, எரிபொருளைக் கணக்கிடுவது யாவும் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன. புறப்படுமுன்பே வரைபடத்தைப் படித்து, மாற்று நிலையத்தையும் அதற்கான எரிபொருளையும் முடிவுசெய்யாதவர், மேகத்துக்குள் இருந்துகொண்டு அவற்றை யோசிக்க நேரிடும். உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டே உயரம் காட்டுவதால், புயலில் அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்க, பழைய அளவைத் திருத்தாமல் விட்டால், அது ஏறத்தாழ 270 அடி மிகையாகக் காட்டும்; முள் 200 அடி எல்லையைத் தொடுமுன்பே விமானம் தரையில் மோதியிருக்கும். மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் 2023 ஜனவரியில் இரவில் பயிற்சி விமானம் ஒன்று கோயில் கோபுரத்தில் மோதி, விமானி உயிரிழந்தார். தரையருகே சிறு பிழைக்கும் இடமில்லை.

கையில் ஜி.பி.எஸ். இருந்தால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை: அது இருக்குமிடத்தைச் சொல்லும், ஓடுபாதை கண்ணில் படுமா என்று சொல்லாது. தானியங்கிச் செலுத்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பதும் வீண்பேச்சே. தவறான பாதையைக் கொடுத்தால் அதையும் அது பிசகாமல் பின்பற்றும்.

மூடுபனி டில்லிக்கு மட்டுமே உரியது என்பாருக்குச் சென்னையின் போகி நினைவில்லை போலும். 2018இல் போகிப் புகையும் பனியும் கலந்து ஓடுபாதையை மறைத்ததில் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. விமானியைக் குறைசொல்லும் கொட்டிவாக்கத்தார், வரும் போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் தெருவில் கொளுத்தாமல் மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடட்டும்.