ஆட்டுப்பட்டிக்குச் சோலார் வேலி: ஊரிலேயே ஒரு தொழில்

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் ஆடு வளர்ப்பவரிடம் என்ன தொல்லை என்று கேட்டுப் பாருங்கள். தீவனச் செலவையும் சந்தை விலையையும் பிறகுதான் சொல்வார். முதலில் வருவது நாய். கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கடித்துப் போட்டுவிடுகின்றன. இழப்பீடு கேட்டு, செத்த ஆடுகளோடு விவசாயிகள் மறியலுக்கே வந்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் படித்துவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏற யோசிப்பவரா நீங்கள்? கால்நடைக்குச் சோலார் வேலி போடும் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். போடுவதைவிடவும், போட்ட வேலியைப் பேணக் கற்றுக்கொள்ளுங்கள். பேனலும் மெஷினும் இன்று ஆன்லைனிலேயே கிடைக்கின்றன. ஆறு மாதம் கழித்து அது ஏன் ஷாக் அடிக்கவில்லை என்று வந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

முதலில் மெஷினைப் புரிந்துகொள்ளுங்கள். எனர்ஜைசர் என்பதும் ஜட்கா மெஷின் என்பதும் இதைத்தான். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்து மின்தேக்கியில் சேர்த்து, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை கம்பியில் தட்டிவிடும். கம்பியில் 5,000 முதல் 10,000 வோல்ட் வரை இருக்கும். ஆனால் ஒரு துடிப்பு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே நீடிக்கும். சுரீரென்று வலிக்கும், அடுத்த துடிப்பு வருவதற்குள் விலகிக்கொள்ள நேரமும் இருக்கும். உயிர் போகாததற்குத் துடிப்பு இவ்வளவு குறுகியதாக இருப்பதும் இந்த இடைவெளியும்தான் காரணம். 1930-களில் நியூசிலாந்தில் பில் கல்லகர் மின்வேலியைப் பண்ணைகளுக்குக் கொண்டுவந்தார். அதே நாட்டின் டக் ஃபிலிப்ஸ் 1962-ல் உருவாக்கிய மின்தேக்கி முறைதான், புல் பட்டதும் செத்துப்போகாத வேலியைத் தந்தது.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அது குற்றம், கொலைக்கருவி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட கள்ள வேலியில் 3 யானைகள் இறந்தன. அதே ஆண்டு, மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்கு அருகிலுள்ள நிலம் என்றால் வனத்துறை அனுமதி கையில் வராமல் குழி தோண்டாதீர்கள். வாங்கும் மெஷினில் ஐ.எஸ். 302-2-76 தரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முள்கம்பியில் மின்துடிப்பு விடக்கூடாது. சிக்கிய உயிர் விடுபட முடியாது. பாதையோரம் எச்சரிக்கைப் பலகை கட்டாயம். "சும்மா ராத்திரி மட்டும் லைன் கொடுங்க தம்பி" என்று யாராவது கேட்டால், அந்த வேலையை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இந்தத் தொழிலில் கெட்டிக்காரர் யார் என்பது எர்த்தில் தெரிந்துவிடும். ஆட்டின் உடல் வழியாக மண்ணில் இறங்கிய மின்சாரம், எர்த் ராடு வழியாக மெஷினுக்குத் திரும்பினால்தான் ஷாக். மண் காய்ந்திருந்தால் திரும்ப வழியில்லை. காங்கேயம் வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் மழை குறைவு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் செழிக்கிற அந்தச் சரளை மண்ணில் சித்திரை, வைகாசியில் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், வேலியில் ஆடு உரசிக்கொண்டு நிற்கும். மெஷின் பழுது என்று திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளில் எத்தனையோ உண்மையில் எர்த் பழுதுதான்.

ஆகவே, 6 அடி ஜி.ஐ. ராடு குறைந்தது மூன்று, 10 அடி இடைவெளியில் இறக்குங்கள். ஈரம் நிற்கும் இடமாகத் தேடுங்கள். மோட்டார் தண்ணீர் பாயும் வரப்போரம் நல்லது. வீட்டு எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பிறகு சோதனை. மெஷினை அணைத்துவிட்டு, 100 மீட்டர் தாண்டி சில இரும்புக் கம்பிகளைத் தரையில் ஊன்றி வேலியில் சாய்த்து வையுங்கள். மெஷினைப் போட்டு, வேலி வோல்டேஜ் 2,000-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று பாருங்கள். இப்போது கடைசி ராடுக்கும், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஊன்றிய சிறு கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள். 300 வோல்டைத் தாண்டினால் இன்னொரு ராடு இறக்க வேண்டியதுதான். அப்போதும் மண் ஒத்துழைக்கவில்லை என்றால், மண்ணை நம்பாமல் கம்பியையே நம்புங்கள்: ஒரு கம்பியில் மின்துடிப்பு, அடுத்த கம்பி எர்த், மாற்றி மாற்றி. நுழைய முயலும் நாய் இரண்டையும் சேர்த்துத் தொடும்போது மண் எவ்வளவு காய்ந்திருந்தாலும் ஷாக் உறுதி. கொறங்காட்டுக்கு நான் முதலிலேயே இதைத்தான் சொல்வேன்.

கிளுவை வேலியை வெட்டச் சொல்லாதீர்கள். தலைமுறைகளாக அந்தக் காட்டைக் காத்த உயிர்வேலி அது. ஆனால் அதற்குள்ளேயே கம்பியை ஓட்டினால் இலை பட்டு மின்சாரம் கசியும். அரை மீட்டர் தள்ளித் தனிக் கால் நட்டு இழுங்கள். நாய்க்கு அடிக்கம்பிதான் முக்கியம். தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் அளவில், வெளிப்பக்கம் பார்த்து, மூக்கு படும் உயரத்தில் இருக்க வேண்டும். புல் முதலில் தொடுவதும் அதைத்தான். அதனால் அடிக்கம்பிக்குத் தனி சுவிட்ச் வைத்துவிடுங்கள். படல் இருக்கும் இடத்தில் மண்ணுக்கடியில் போகும் கேபிள் உயர் மின்னழுத்தம் தாங்கும் வகையாக இருக்கட்டும். வீட்டு வயர் சில மாதங்களில் பொத்துவிடும்.

பேட்டரிக் கணக்கு எளிது. மெஷின் சராசரியாக 200 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணி. வெயிலில்லாத நாலு நாள் தாங்க வேண்டுமென்றால் 19 சொச்சம். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக் கூடாது, ஆகவே 40 ஆம்பியர்-மணி. பேனல் 40 வாட் போட்டால் ஐப்பசி மழையிலும் சமாளிக்கும். தெற்குப் பார்த்து 10 முதல் 15 பாகை சாய்வு போதும். சாய்வு இருந்தால் தூசி மழையில் கழுவிப் போகும். சார்ஜ் கன்ட்ரோலரும் இடிதாங்கியும் வேண்டும். இந்த இரண்டிலும் காசு மிச்சம் பிடிக்க விடாதீர்கள்.

பேனல், பேட்டரி வேலை தெரியாதவர்களுக்கு மத்திய அரசின் சூர்யமித்ரா பயிற்சி இருக்கிறது. வேலி வேலையை, ஏற்கெனவே போடுகிறவரோடு ஒரு பருவம் கூடப்போய்த்தான் பழக வேண்டும். ஆட்டையும் பழகுங்கள். ரோமம் இருப்பதால் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் 4,000 வோல்டுக்குக் குறையாமல் வேண்டும்; மாட்டுக்கு அதில் பாதியே போதும். புது வேலிக்குள் மந்தையைத் திடுமென விடாமல், சிறிய அடைப்பில் இரண்டு மூன்று நாள் பகலில் விட்டு, மூக்கால் தொட்டுத் தெரிந்துகொள்ளச் செய்யுங்கள். அதன்பிறகு பெரிய காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மேய்க்கவும் இதே மெஷின் உதவும். புல் தேற நேரம் கிடைக்கும். விவசாயிக்கு இதை எடுத்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் திரும்பவும் கூப்பிடுவார்கள்.

மானியம் பற்றிக் கேட்பார்கள். வேளாண் பொறியியல் துறையில் சோலார் வேலிக்குத் திட்டம் உண்டு. 5, 7, 10 வரிசைக் கணக்கில் போடுகிறார்கள். உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் அந்த ஆண்டு விதிமுறையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பையில் கட்டாயம் இருக்க வேண்டியது டிஜிட்டல் வேலி வோல்ட்மீட்டர். வேலியைப் பாதி பாதியாகப் பிரித்து அளந்து வந்தால் கசிவு எங்கே என்று பிடிபடும். ஒவ்வொரு முறையும் வோல்டேஜைத் தேதி போட்டுப் படலருகே அட்டையில் எழுதி வையுங்கள். கூலி கேட்கும்போது அது பேசும். விலைப்பட்டியலில் பொருள், கூலி, ஆண்டுப் பராமரிப்பு மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். பராமரிப்பில் மூன்று வருகை: கோடையில் எர்த்துக்கு, மழைக்கு முன் பேட்டரிக்கு, மழை முடிந்து கொடி ஏறியிருக்கும் மார்கழியில் கம்பிக்கு. முதல் ஆண்டில் ஊர் ஊராக அலைய வேண்டாம். நாய்த்தொல்லை உள்ள ஒரே கிராமத்தில் பக்கத்துப் பக்கத்துப் பட்டிகளாக நாலைந்தைச் சேர்த்துப் பேசுங்கள். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம், பெட்ரோல் செலவும் கட்டுப்படியாகும்.