ஒரே விசை, இரு மொழிகள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் நம் வாடிக்கையாளர் பலர் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்கும் பேசுவோர். கணினியின் முன் அமர்ந்தால் மட்டும் இரண்டையும் ஆங்கில எழுத்திலேயே எழுதிவிடுகின்றனர். இரண்டு விசைப்பலகை அமைப்புகளை யார் மனப்பாடம் செய்வது என்கின்றனர். ஒன்றே போதும் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். தட்டச்சின் இனிமை, விரலுக்கு விசை தரும் பதிலில் உள்ளது. மலிவான பலகையில் விசைக்கு அடியில் ரப்பர் குமிழ் இருக்கும்; ஏறத்தாழ அடிவரை அழுத்தினால்தான் எழுத்துப் பதியும். மெக்கானிக்கல் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுருள்வில் உண்டு. பரவலாக வழங்கும் செர்ரி எம்எக்ஸ் வகையில் விசை 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதித் தொலைவிலேயே எழுத்துப் பதிந்துவிடும். நீல விசை ‘டிக்’ என ஒலிக்கும். பழுப்பு விசை சிறு தடையால் விரலுக்கு மட்டும் உணர்த்தும். சிவப்பு விசை தடையின்றி இறங்கும். பலர் அமரும் அறைக்கு நீலம் வேண்டாம் என்போம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழிச் செல்லும் பணம் கணக்கு எண்ணைக் கொண்டே வரவு வைக்கப்படுவதால், ஒவ்வோர் இலக்கமும் பதிந்ததை விரல் அறிவது நன்று.

ஆயினும், எழுத்தைத் தேடி அலையும் விரலுக்கு எவ்வளவு விலையுயர்ந்த விசையும் இன்பம் தராது. 1986இல் மத்திய அரசின் மின்னணுவியல் துறை தரப்படுத்திய இன்ஸ்கிரிப்ட் அமைப்பு இங்கேதான் உதவுகிறது. இந்திய மொழிகளில் ஒரே ஒலிக்கு ஒரே விசை என்பது அதன் விதி. ‘அம்மா’ என்று எழுதிப் பாருங்கள். எஃப் விசையிலுள்ள சிறு மேட்டுக்கு இடப்பக்கம் இருப்பது டி விசை. ஷிப்டுடன் அதை அழுத்தினால் ‘அ’. பின்னர் சி விசையில் ‘ம’, ஷிப்ட் இன்றி டி விசையில் புள்ளி, மீண்டும் ‘ம’, ஈ விசையில் கால். தெலுங்கில் ‘அம்ம’ என எழுத, கால் நீங்கலாக அதே தட்டுகள்தாம்!

தமிழ் மட்டுமே எழுதுவோர்க்கு, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 இன்னும் எளிது. அதில் அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகள் போதும். புள்ளி தானே விழும். ஆனால் அப்பழக்கம் தெலுங்குக்கு உதவாது.

விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழையும் தெலுங்கையும் சேர்த்துக்கொண்டால், விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி மொழி மாற்றலாம். தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. முதல் வாரம் நடு வரிசையில் வலக்கைப் பக்கத்தை மட்டும் பழகுக: எச் விசையில் தொடங்கி ப, ர, க, த, ச, ட. தெலுங்கிலும் இதே வரிசைதான்.