இயன்முறை மருத்துவரும் பதிவுச் சட்டமும்: பஞ்சாயத்துகள் அறிய வேண்டுவன

செஞ்சி என்றவுடன் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் அவற்றைப் பிணைத்து நிற்கும் மதிலும் நம் நினைவுக்கு வருகின்றன. 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள கோட்டை செஞ்சி ஒன்றே. இக்கோட்டையின் அடிவாரத்தில் நெல்லும் மணிலாவும் கரும்பும் பயிரிட்டு வாழும் மக்களுக்கோ கையும் காலுமே பெருஞ்செல்வமாகும். பனையிலிருந்து விழுந்தோ, பக்கவாதத்தாலோ அவை முடங்கிவிடின், குடும்பத்தின் வருவாயும் அன்றே முடங்கிவிடுகிறது.

முடங்கிய உறுப்பை மீண்டும் இயங்கச் செய்யும் கலையே இயன்முறை மருத்துவம். பிஸியோதெரபி என்று இதனை மக்கள் வழங்குவர். உடற்பயிற்சி, மூட்டுகளை முறையாக அசைத்தல், வெப்பம், மின்சாரம் ஆகியவை இதன் கருவிகள். இதனால் விளையும் பயனுக்கு நம் மாநிலத்திலேயே சிறந்த சான்றுண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். எனினும் பயிற்சியால் தேறி, சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று அமையவும் காரணமாயிருந்தார்.

ஆயினும், தக்க பயிற்சியில்லாத கையால் இதே சிகிச்சை தீங்காகவும் முடியும். மூன்று உதாரணங்களை இங்கே கூறுவோம். முழங்கையில் அடிபட்டவருக்கு எண்ணெய் தடவி அழுத்தி உருவினால், தசைக்குள்ளேயே எலும்பு படிந்து மூட்டு மடங்காமற் போகலாம். பக்கவாத நோயாளியைச் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால், தோள்மூட்டு நழுவித் தீராத வலி உண்டாகலாம். பலநாள் படுக்கையிலிருந்தவரின் கெண்டைக்கால் வீங்கி வலிக்குமாயின், இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கக் கூடும். அதனைப் பிடித்துவிட்டால் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே போக்கலாம். எதைத் தொடவேண்டும் என்பதைப் போலவே எதைத் தொடலாகாது என்பதையும் கற்றவரே இத்தொழிலுக்கு உரியவர்.

அவ்வாறு கற்றவர் யாரென்பதை மக்கள் எவ்வாறு அறிவது? டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நெடுங்காலமாகவே பதிவுச் சட்டங்கள் உண்டு. இயன்முறை மருத்துவருக்கோ நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லாதிருந்தது. டெல்லி 1997-இலும், மகாராஷ்டிரம் 2002-இலும் தத்தமக்கெனச் சட்டங்களை இயற்றிக்கொண்டன. பின்னர் 2021-இல் பாராளுமன்றம் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின் அட்டவணையில் உள்ள 10 பிரிவுகளுள் இயன்முறை மருத்துவமும் ஒன்று. மத்தியில் ஓர் ஆணையமும் மத்தியப் பதிவேடும், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மன்றமும் மாநிலப் பதிவேடும் அமையவேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. இதனை விரைந்து செயற்படுத்துமாறு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் மத்திய, மாநில அரசுகளுக்கு ஆணையிட்டது.

இச்சட்டத்தில் நாம் நினைவிற் கொள்ளவேண்டிய செய்திகள் சிலவாகும். முதலாவது, இயன்முறை மருத்துவருக்குரிய குறைந்த அளவுத் தகுதி பட்டப்படிப்பே. ஆதலால் ஆறுமாதப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பவர் இயன்முறை மருத்துவராகிவிட மாட்டார். இரண்டாவது, சட்டம் தொழிலர்களை இருவகையாகப் பிரிக்கிறது. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் 2,000 மணி நேரத்துக்குக் குறையாமற் பயின்றோர் துணைநிலைத் தொழிலர். மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் 3,600 மணி நேரத்துக்குக் குறையாமற் பயின்று பட்டம் பெற்றோர் நலவாழ்வுத் தொழிலர். மூன்றாவது, பதிவேட்டில் பெயரில்லாத ஒருவர் தம் பெயர் இருப்பதாகப் பொய் கூறுவது தண்டனைக்குரிய குற்றமாகும். மீண்டும் அக்குற்றத்தைச் செய்வோருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. சித்த மருத்துவத்தில் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்களுக்கு வேறு சட்டம் உள்ளது. அவர்களை இதனோடு சேர்த்துக் குழப்புதல் கூடாது.

அமெரிக்காவில் உரிமம் வழங்கும் பொறுப்பு அந்தந்த மாநிலத்தைச் சார்ந்தது. அங்கே இயன்முறை மருத்துவருக்கு ஒரு தேர்வும், இரண்டாண்டுப் படிப்பு முடித்த உதவியாளருக்கு வேறொரு தேர்வும் நடைபெறுகின்றன. நோயாளியைச் சோதித்துச் சிகிச்சைத் திட்டத்தை வகுப்பவர் மருத்துவர். அத்திட்டத்தின்படி, அவரது மேற்பார்வையில் பயிற்சி அளிப்பவர் உதவியாளர். இவ்வேறுபாடு நமக்கும் பயன்படும். வீட்டிலே நோயாளிக்குப் பயிற்சி செய்விக்கும் மகனோ மருமகளோ ஒருவகையில் உதவியாளரே. பதிவு பெற்றவர் வகுத்த முறையை அவர்கள் வழுவாது பின்பற்றலாம். தாமாகப் புதிய முறை எதனையும் புகுத்தலாகாது.

இனிப் பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யத்தக்கவை யாவை? செஞ்சி, வல்லம், மேல்மலையனூர் ஒன்றியங்களிலுள்ள ஊர்களை மனத்திற்கொண்டு நான்கினைக் கூறுகிறோம்.

1. பக்கவாதம், எலும்பு முறிவு, தண்டுவடக் காயம் ஆகியவற்றால் வீட்டிலே முடங்கியிருப்போரின் பட்டியல் ஒன்றை வார்டு வாரியாகத் தயாரித்தல் வேண்டும். பக்கவாதம் கண்ட முதல் சில மாதங்களிலேயே உடல் மிகுதியாகத் தேறும். ஆதலால் காலதாமதம் பெருநஷ்டமாகும்.

2. அப்பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ப்பித்தல் வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், வீடு தேடி வந்து அளிக்கும் பணிகளுள் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது.

3. ஊரில் புதிதாகச் சிகிச்சை நிலையம் திறப்பவரிடம் பட்டமும் பதிவு எண்ணும் காட்டுமாறு மரியாதையுடன் கேட்டல் வேண்டும். முறையாகக் கற்றவர் இதனைக் குறையாகக் கருதமாட்டார்.

4. கிராம சபைக் கூட்டத்தில் மேற்கூறிய மூன்று அபாயங்களையும் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். நோயாளியை இரண்டு மணி நேரத்திற்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண்ணைப் பெரிதும் தடுக்கலாம் என்பதையும் அங்கேயே கற்பிக்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.

விதை வாங்கும் விவசாயி சான்று அட்டையைப் பார்த்தே வாங்குகிறார். பொய் விதையால் ஒரு போகம் பாழாகும் என்பதை அவர் அறிவார். உழைக்கும் கை பாழானாலோ வாழ்நாளின் எல்லாப் போகமும் பாழாகும். ஆதலின் நம் கையையும் காலையும் ஒருவரிடம் ஒப்படைக்குமுன் அவர் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்று கேட்கும் வழக்கம் ஒவ்வோர் ஊரிலும் வேரூன்ற வேண்டும்.