கோப்பிச் சக்கையும் வீட்டுத் தோட்டமும்

மலைநாட்டில் தேயிலைக்கு முன் கோப்பியே பெரும்பயிராயிருந்தது. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய் அதனை வீழ்த்தியது. எனினும் நுவரெலியா, ஹற்றன் தோட்டப்புறங்களில் வீட்டோரத்தில் இன்றும் ஓரிரு கோப்பிச் செடிகளைக் காணலாம். வடித்த சக்கையோ பெரும்பாலும் கானிலே கொட்டப்படுகின்றது. 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீங்கிய பின்னரும் விலை உயர்ந்தே நின்றது. அக்காலத்தில் இத்தகைய கழிவின் அருமை பலருக்குப் புலனாயிற்று.

சக்கையின் உலர்ந்த எடையில் நைதரசன் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு உண்டு. ஆயினும் பயிர் அதனை உடனே உண்ண இயலாது. பச்சைச் சக்கையை நாற்றின் அடியில் இட்டால், அதனை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் கவர்ந்துகொள்ளும். இலை மஞ்சளாகி நாற்றுக் குன்றும். தடித்துப் பரப்பினால் ஓடுபோல் இறுகி நீரையும் உட்புக விடாது. யூரியாவைப் போல் இதனை எண்ணுவோர் ஏமாறுவர்.

ஆகவே முதலில் கூட்டெருவாக்குதல் வேண்டும். சக்கை 1 கூடை எனில், காய்ந்த புல், மரக்கறிக் கழிவு, மாட்டுச் சாணம் ஆகியன சேர்ந்து 4 கூடைக்குக் குறையலாகாது. தேயிலைச் சக்கையையும் சேர்க்கலாம். மலைநாட்டு வீடுகளில் அதுவே மிகுதி. இரு வாரத்துக்கு ஒருமுறை புரட்டி, மழையில் சத்துக் கரைந்தோடாதபடி மூடிவைக்குக. குளிர் மிகுந்த நுவரெலியாவில் உக்குவதற்குக் கூடுதலான காலம் செல்லும்; சூடு தணிந்து மண்வாசனை வரும்வரை பொறுத்தல் நன்று.

சக்கை மண்ணைப் புளிப்பாக்கும் என அஞ்சுவோர் உளர். அமிலத்தின் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடுகின்றது. தேயிலை நின்ற மண்ணோ இயல்பாகவே அமிலமானது. அக்குறையை இக்கூட்டெரு மட்டும் தீர்க்காது. கோவா பயிரிடுவோர் வேர் வீங்கும் நோயைக் குறைக்க, மண்ணைச் சோதிப்பித்து, நடுவதற்குச் சில வாரங்கள் முன்னரே வேண்டிய அளவு டொலமைட்டை மண்ணிற் கலத்தல் வேண்டும்.