அப்பாவின் கண்புரையும் மறதியும் ஒரே நோயா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. சிறு வயதிலிருந்து மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறார். இரண்டு கண்ணிலும் புரை இருப்பதாக முகாமில் சொன்னார்கள். ஒரு வருடமாக மறதியும் கூடிவிட்டது. கூலிப் பணத்தை எங்கே வைத்தோம் என்று தேடுகிறார். பேரனை வேறு பெயரில் கூப்பிடுகிறார். "வெயிலில் கண்ணும் மூளையும் சேர்ந்தே வெந்துபோச்சு, இனிமே ஆபரேஷன் எதுக்கு?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இரண்டுக்கும் புரதம் கெட்டுப்போவதுதான் காரணம் என்று படித்தேன். உண்மையா? ஆபரேஷன் செய்யலாமா?
– ஒரு வாசகி, மரக்காணம்

பதில்: ஆபரேஷன் செய்யுங்கள் அம்மா. மறதி இருப்பதால் கண்ணை விட்டுவிடலாம் என்ற முடிவு தவறு. மறதி இருக்கிறது என்பதாலேயே கண்ணைச் சீக்கிரம் கவனிக்க வேண்டும்.

நீங்கள் படித்ததில் பாதி சரி. நம் உடம்பில் பெரும்பாலான புரதங்கள் சில நாட்களில் அல்லது வாரங்களில் சிதைந்து, அவற்றின் இடத்தில் புதியவை வந்துவிடும். கண் லென்ஸின் நடுப்பகுதிக்கு அந்த வசதி இல்லை. அங்குள்ள செல்கள் ஒளியை மறைக்காமல் இருப்பதற்காகத் தங்கள் உட்கருவையே இழந்துவிடுகின்றன; அதனால் புதுப் புரதம் செய்ய அவற்றால் முடியாது. தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான கிரிஸ்டலின் என்ற புரதம்தான் உங்கள் அப்பாவின் கண்ணில் இன்றும் இருக்கிறது. 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பெருகிய கார்பன்-14 அணுக்களை லென்ஸில் அளந்து, டென்மார்க் விஞ்ஞானிகள் 2008இல் இதை உறுதி செய்தார்கள்.

அத்தனை வருடம் ஒரே புரதம் உழைத்தால் அதன் வடிவம் குலையும். குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டாதபடி பிடித்து வைக்கும் காவல் வேலையை ஆல்ஃபா கிரிஸ்டலின் செய்கிறது. நடு வயதைத் தாண்டும்போது லென்ஸின் மையத்தில் அது ஏறக்குறைய தீர்ந்துபோகிறது. பிறகு குலைந்த புரதங்கள் திரண்டு, முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பதுபோல லென்ஸ் மங்குகிறது. அதுதான் புரை. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள், புகைப் பழக்கம், சர்க்கரை நோய் எல்லாம் இதை விரைவுபடுத்தும். உப்பளத்தில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. வெள்ளை உப்பும் பாத்தித் தண்ணீரும் ஒளியைக் கீழிருந்து கண்ணுக்குத் திருப்புகின்றன. தலையில் கட்டிய துண்டு மேலிருந்து வரும் வெயிலைத்தான் தடுக்கும்.

உங்கள் பகுதிக்கு மிக அருகிலேயே புரையைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் பங்கேற்ற அந்த ஆய்வில், 60 வயதைக் கடந்த ஆயிரக்கணக்கான கிராமத்தாரின் கண்ணையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். தென்னிந்தியப் பகுதியில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு வைட்டமின் சி பற்றாக்குறை இருந்தது. அந்தச் சத்து ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களிடம் புரை குறைவாகக் காணப்பட்டது. வந்துவிட்ட புரையை எந்த மாத்திரையும் கரைக்காது. ஆனால் நெல்லிக்காயும் கொய்யாவும் உங்கள் வீட்டு இளையவர்கள் சாப்பிட வேண்டியவை.

இனி மூளை. நரம்பு செல்களும் பெரும்பாலும் நம்மோடு பிறந்து நம்மோடு மூப்படைபவை. அவற்றின் உட்கருவைச் சுற்றியுள்ள சில புரதங்கள் மாற்றப்படாமலே நீண்ட காலம் இருப்பதை 2012இல் எலிகளில் கண்டறிந்தார்கள். இதுவரை கண்ணும் மூளையும் ஒன்றுபோலத் தோன்றும். அல்சைமர் நோயில் நடப்பது வேறு. அதில் படியும் அமிலாய்டும் டௌவும் எல்லா மூளையிலும் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கும் புரதங்கள். அப்புறப்படுத்தும் வேலை தடுமாறும்போதுதான் அவை திரள்கின்றன. ஆகவே கண்புரை இருப்பதால் மூளையும் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வெயிலில் மூளை வேகவும் இல்லை.

உங்கள் அப்பாவின் மறதி அல்சைமர்தானா என்பதும் இன்னும் தெரியாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, ரத்தத்தில் சோடியம் குறைவது, மன அழுத்தம், காது மந்தம் போன்றவையும் இப்படி மறதியாகத் தெரியலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். சிறுநீரகக் கோளாறும் இப்படித் தெரியலாம்; அதையும் சோதித்துவிடுங்கள். தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் நடத்திய ஆய்வில், 352 பேரில் சுமார் 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் ஒருமுறை முழுமையாகக் காட்டுவது நல்லது.

பார்வை மங்கியவருக்கு முகம் தெரியாது, பேச்சு குறையும், வெளியே போவது நிற்கும். மூளைக்கு வேலை இல்லாமல் போகும். அமெரிக்காவின் சியாட்டிலில் 3,000க்கும் மேற்பட்ட முதியோரைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு 30 சதவீதம் அளவுக்குக் குறைவாக இருந்தது. அறுவைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், சிகிச்சை பெறாத பார்வைக் குறைவை மறதி நோய்க்கான 14 ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவையும் லென்ஸும் இலவசம். கண்ணை மட்டும் மரக்கச் செய்துதான் பெரும்பாலும் செய்வார்கள். அப்பாவின் மறதியை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொட்டு மருந்தை அவர் கையில் விடாமல் நீங்களே போடுங்கள். பிறகு உப்பளத்துக்குப் போனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் போகக் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் வேலை ஓய்ந்திருக்கும். உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணமும் அந்தக் காலத்துக்கானதுதான். கூலி இழப்பு பயம் இல்லாத அந்த நாட்களில் முதல் கண்ணை முடித்துவிடுங்கள். மறதிக்கான ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் மழை வரும் வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே அழைத்துப் போங்கள்.